பாக்கெட்டுல ஒரு அருவாமனை

"எந்த மடக்குக் கத்தி வாங்கலாம்?"னு கேக்கறவங்க கிட்ட நான் திருப்பிக் கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "போன வாரம் எதையெல்லாம் வெட்டினீங்க?" பெரும்பாலும் பதில் வராது. அவங்க கையில ஏற்கனவே ஒரு லிஸ்ட் இருக்கும். எஸ்30வி நல்லதா, டி2 நல்லதா? லைனர் லாக்கா, ஃபிரேம் லாக்கா? டைட்டானியம் கைப்பிடி தேவையா? நம்மள மாதிரி பொட்டி தட்டற ஆளுங்களுக்கு ஸ்பெக் ஷீட்டைப் பார்த்தாலே ஒரு போதை வந்துடும். தேவை என்னன்னு எழுதறதுக்கு முன்னாடியே டிசைன் ரிவ்யூவுக்குப் போயிடுவோம் :-)

நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கறவங்களுக்காக முடிவை முன்னாடியே சொல்லிடறேன். தினசரி பாக்கெட்டுல போட்டுக்கறதுக்கும், மலையேறப் போறதுக்கும் நமக்குத் தேவை சின்ன, மெல்லிசான, வீட்டுலயே தீட்டிக்கக்கூடிய, பக்கத்துல நிக்கிறவர் பார்த்தா பயப்படாத ஒரு கத்தி. கறுப்புப் பெயின்ட் அடிச்சு, பட்டனைத் தட்டினா 'சடக்'னு திறக்கற 'டாக்டிகல்' சமாச்சாரம் எதுவும் வேண்டாம். இது வெறும் ரசனை விவகாரம் இல்ல. விரல், சட்டம் ரெண்டும் சம்பந்தப்பட்டிருக்கு. ஏன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. எதுக்கு வாங்கறோம்?

ஒரு சாதாரண வாரத்துக்கான பட்டியல்: கொரியர்ல வந்த அட்டைப்பெட்டியோட டேப், பால் பாக்கெட், ஆபீஸ்ல மத்தியானம் ஒரு ஆப்பிள் இல்ல மாம்பழம், புதுச் சட்டையில தொங்கற விலைச்சீட்டு, கேபிள் டை, பார்சல் சாம்பார்ல கட்டின நூல். மலைக்குப் போனா கூட நாலு வெங்காயம், தக்காளி, கொடிக்கயிறு, காலுக்குப் போடற பிளாஸ்திரி, அடுப்பு பத்த வைக்க சுள்ளியில கொஞ்சம் சீவல். அவ்வளவுதான்.

இந்தப் பட்டியல்ல எதுக்காவது 4 மில்லிமீட்டர் தடிமனான பிளேடு வேணுமா? ஒண்ணுக்குக் கூட வேண்டாம். விறகு பிளக்கணும்னா அதுக்கு அருவாள் இருக்கு. திருப்பாச்சேத்திக்காரங்க அந்த வேலையை எப்பவோ முடிச்சு வச்சுட்டாங்க. மடக்குக் கத்தியை வச்சு கட்டையைப் பிளக்கறது, கால்குலேட்டர்ல ஆணி அடிக்கற மாதிரி.

தேவையை முதல்ல எழுதி, அப்புறம் கத்தியைச் செய்யணும்கறதுக்கு நல்ல உதாரணம் ஸ்விஸ் ராணுவம். 1889 மாடல் துப்பாக்கியைக் கழட்டி மாட்ட ஸ்குரூடிரைவர் வேணும். சிப்பாய்க்கு டின் சாப்பாட்டைத் திறக்கணும். ஆக ஒரு பிளேடு, ஒரு துளை போடற ஊசி, டின் ஓப்பனர், ஸ்குரூடிரைவர், மொத்தம் 4 கருவி. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. முதல் சப்ளை ஜெர்மனியோட ஸோலிங்கன்ல இருந்துதான் வந்துச்சு. ஷ்விட்ஸ் மாகாணத்து இபாக் ஊர்ல 1884-ல பட்டறை ஆரம்பிச்சிருந்த கார்ல் எல்ஸனர், 1891-ல இருந்து இதை உள்ளூர்லயே செஞ்சு கொடுத்தார். அதுல இருந்து வளர்ந்ததுதான் விக்டோரினாக்ஸ். அம்மா பேரு விக்டோரியா, துருப்பிடிக்காத எஃகுக்கு பிரெஞ்சுல இனாக்ஸ், ரெண்டையும் சேர்த்து 1921-ல வச்ச பேரு. 'அம்மா சென்டிமென்ட்' நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம்னு நினைச்சீங்களா? ;-)

2. கத்தியா, ஆப்பா?

கத்தி வெட்டறது எப்படின்னு கொஞ்சம் யோசிச்சா பாதிக் குழப்பம் தீர்ந்துடும். கூர்முனை பொருளைப் பிளந்து உள்ள நுழையுது. அதுக்குப் பின்னாடியே வர்ற பிளேடோட உடம்பும் உள்ள நுழைஞ்சாகணும். அந்த உடம்பு எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கு பொருளை ரெண்டு பக்கமும் தள்ளணும். அதாவது ஒவ்வொரு கத்தியும் ஒரு ஆப்புதான். மெல்லிசான ஆப்பு வெட்டும், தடியான ஆப்பு பிளக்கும்.

இதை வீட்டுலயே சோதிச்சுப் பார்க்கலாம். ஒரு கேரட்டை எடுத்து தடியான கத்தியால நறுக்குங்க. பாதி வழியில 'டக்'னு உடையும். கத்தி வெட்டல, கேரட் விரிசல் விட்டுச்சு. அதையே ஒரு மெல்லிசான சமையல் கத்தியால நறுக்குங்க, வழுக்கிக்கிட்டுப் போகும். ரெண்டுலயும் ஒரே ஸ்டீலா இருந்தாக்கூட இதுதான் நடக்கும். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்டீல் போட்டாலும் தடிமன் தடிமன்தான்.

நீளம்? 6-ல இருந்து 8.5 சென்டிமீட்டர் பிளேடு போதும். ஒரு பெரிய வெங்காயத்தை ஒரே இழுப்புல வெட்ட முடியணும், அதுதான் என் அளவுகோல். பிளேடு நீளத்தை விட முக்கியமானது கைப்பிடி. நாலு விரலும் உட்காருதா, ஈரக் கையில வழுக்குதா, அஞ்சு நிமிஷம் சீவினா உள்ளங்கை வலிக்குதான்னு பாருங்க. இன்டர்நெட்ல போட்டோ பார்த்து இதைத் தெரிஞ்சுக்க முடியாது. ஒரு தடவை கையில பிடிச்சுப் பார்த்துட்டு வாங்கறது உத்தமம்.

3. ஸ்டீல் புராணம்

இதுதான் நம்மாளுங்க அதிகமா அடிச்சுக்கற இடம். சுருக்கமா சொல்றேன். கத்தி ஸ்டீல்ல நாம மூணு குணம் எதிர்பார்க்கறோம். ரொம்ப நாள் கூர் நிக்கணும், உடையக் கூடாது, துருப்பிடிக்கக் கூடாது. "சீக்கிரமா, சீப்பா, நல்லா... மூணுல ரெண்டு எடுத்துக்கோ"ன்னு நம்ம தொழில்ல ஒரு பொன்மொழி உண்டே, கிட்டத்தட்ட அதே கதைதான். கார்பன் கூடினா கடினம் கூடும். குரோமியம் கூடினா துரு குறையும். ஆனா குரோமியத்துல ஒரு பகுதி கார்பனோட சேர்ந்து கார்பைடா மாறிடும், அந்தப் பங்கு துருவைத் தடுக்க உதவாது. டி2 ஸ்டீல்ல 12 சதவீதம் அளவுக்கு குரோமியம் இருந்தும் சென்னை வேர்வைக்கு புள்ளி புள்ளியா துரு பிடிக்கறது இதனாலதான்.

மூணையும் ஓரளவுக்கு நல்லா சமன் பண்ண ஆராய்ச்சி செஞ்சு வந்ததுதான் மேக்னாகட். லாரின் தாமஸ்ங்கற உலோகவியலாளர் வடிவமைச்சு 2021-ல வெளிவந்துச்சு. அருமையான சரக்கு, சந்தேகமே இல்ல. ஆனா பால் பாக்கெட் வெட்ட அது தேவையா?

ஸ்டீல் பேரை விட, அதை எப்படிச் சூடாக்கி எப்படிக் குளிர வச்சாங்கங்கறது முக்கியம். 420ஹெச்சி-ங்கறது சாதாரண ஸ்டீல். ஆனா பக் கம்பெனி 1964-ல கொண்டு வந்த 110 மாடல், இன்னிக்கு அந்த ஸ்டீல்லதான் வருது, நல்ல பேரோட ஓடுது. வெப்பப் பதப்படுத்தல் ஒழுங்கா இருக்கறதுதான் காரணம். ஒரே அரிசிதான், ஒருத்தர் வடிச்சா சோறு, இன்னொருத்தர் வடிச்சா கஞ்சி.

அடுத்தது, யாரும் கேக்காத கேள்வி: இதை யார் தீட்டறது? வனேடியம் நிறைய இருக்கற ஸ்டீல்கள்ல உருவாகற வனேடியம் கார்பைடு, நம்ம சாதாரண சாணைக்கல்லுல இருக்கற அலுமினியம் ஆக்சைடை விடக் கடினமானது. கல்லு கத்தியைத் தேய்க்கறதுக்குப் பதிலா கத்தி கல்லைத் தேய்க்கும் :-) அதுக்கு வைரத்தூள் பதிச்ச தகடு வாங்கணும். விக்டோரினாக்ஸ் ஸ்டீல் கடினம் ராக்வெல் அளவுல 56 பக்கம்தான். இன்டர்நெட் பண்டிதர்களுக்கு இது ரொம்ப இளப்பம். ஆனா அது மழுங்கினா, ஒரு பீங்கான் கோப்பையைக் கவுத்துப் போட்டு, அடியில பளபளப்பு பூசாத அந்த வளையத்துல பத்து இழுப்பு இழுத்தா மறுபடி கூர் வந்துடும். மலை மேல டீ குடிச்ச கோப்பையே போதும், அது பீங்கானா இருந்தா. ஆறு மாசம் கூர் நிக்கும்னு நம்பி தீட்டாமலே விட்ட உசத்தி கத்தியை விட, வாரா வாரம் ரெண்டு நிமிஷம் தீட்டற சாதா கத்தி எப்பவும் கூரா இருக்கும். மழுங்கின கத்திதான் ஆபத்து. அழுத்தி வெட்ட வேண்டி வரும், வழுக்கும், விரல்ல இறங்கும்.

4. பூட்டு

"லாக் இல்லாத கத்தியா? ஐயோ, விரல் போயிடுமே!" இதைச் சொல்லாத ஆளே கிடையாது. கொஞ்சம் இயற்பியல் பார்ப்போம். இழுத்து வெட்டும்போது, அழுத்தி நறுக்கும்போது, விசை பிளேடை இன்னும் திறக்கற பக்கமாத்தான் தள்ளுது. அங்க பூட்டுக்கு வேலையே இல்ல. குத்தும்போதும், வெட்டின இடத்துல மாட்டிக்கிட்ட பிளேடை ஆட்டி இழுக்கும்போதும், முதுகுல தட்டும்போதும்தான் பிளேடு மடங்கப் பார்க்கும். அதனால பூட்டு இல்லாத கத்தியை வச்சு துளை போடாதீங்க. அதுக்குத்தான் ஸ்விஸ் கத்தியில தனியா ஒரு ஊசி கொடுத்திருக்கான்.

பூட்டுகள்ல பல வகை. முதுகுல ஒரு நெம்புகோல் வச்சது லாக்பேக், பக் 110-ல இருக்கறது. உள்ள இருக்கற தகடு வளைஞ்சு வந்து பிளேடோட அடியைத் தாங்கறது லைனர் லாக். அந்தத் தகட்டுக்குப் பதிலா கைப்பிடியே அந்த வேலையைச் செஞ்சா ஃபிரேம் லாக். இந்த ரெண்டுலயும் மூடறதுக்கு உங்க கட்டை விரலை பிளேடு மடங்கி வர்ற பாதைக்கு நேரா வச்சாகணும். பாதுகாப்புக்காக வச்ச பூட்டைத் திறக்க, விரலைப் பாதையில வைக்கணும். இது எந்த ஊரு நியாயமோ!

எனக்குப் பிடிச்ச பூட்டு பிரான்ஸ்காரனோடது. ஸவ்வா மலைப்பகுதியில ஜோசஃப் ஓபினல் 1890-ல செய்ய ஆரம்பிச்ச மரக்கைப்பிடிக் கத்திக்கு, 1955-ல ஒரு வளையத்தைச் சேர்த்தாங்க. கழுத்துல இருக்கற அந்த வளையத்தைத் திருப்பினா பிளேடு மடங்காது. திருப்பி விட்டா மடங்கும். இப்போ வர்றதுல மடக்கின நிலையிலயும் பூட்டலாம், பைக்குள்ள தானா திறந்துக்காது. பூட்டியிருக்கா இல்லையான்னு கண்ணால பார்த்தாலே தெரியும். ஸ்பிரிங் கிடையாது, உடையறதுக்குப் பெருசா ஒண்ணும் கிடையாது. திண்டுக்கல் பூட்டு மாதிரி, பார்த்தா எளிமை, வேலை கச்சிதம்.

ஆனா எந்தப் பூட்டா இருந்தாலும் அதை நம்பி முரட்டு வேலை செய்யாதீங்க. பூட்டு கார் சீட் பெல்ட் மாதிரி. பெல்ட் போட்டிருக்கேன்னு யாரும் போய் சுவத்துல மோத மாட்டோம் இல்லையா?

இங்க எதிர்க்கட்சி வாதம் ஒண்ணு இருக்கு, அதையும் நேர்மையா சொல்லிடறேன். "உன் ஸ்விஸ் ராணுவமே 2008 மாடல்ல, ஒரு கையில திறக்கற, பூட்டு வச்ச பெரிய பிளேடுக்கு மாறிடுச்சே?" வாஸ்தவம். கையுறை போட்டுக்கிட்டு, இன்னொரு கையில எதையோ தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, குளிர்ல நிக்கிற சிப்பாய்க்கு அது தேவை. படகுல போறவங்க, கயித்துல தொங்கி மலை ஏறறவங்க, இவங்களுக்கும் தேவை. அவங்க தேவைப் பட்டியல் வேற. நான் முதல் பாயின்ட்ல கேட்ட கேள்விக்கு நீங்க இந்தப் பதிலைச் சொன்னா, தாராளமா ஒரு கையில திறக்கற கத்தி வாங்குங்க. 1981-ல ஸ்பைடர்கோ பாக்கெட் கிளிப்பும், பிளேடுல ஒரு வட்ட ஓட்டையும் வச்சுக் கொண்டு வந்தது ஒரு நல்ல வேலைக்கருவியாத்தான். மத்தவங்களுக்கு ரெண்டு கையால திறக்கறதுல ஒரு நஷ்டமும் இல்ல. அந்த ரெண்டு செகண்டுல எங்க வெட்டப் போறோம்னு ஒரு தடவை யோசிக்கலாம்.

5. சட்டம் என்ன சொல்லுது?

நான் வக்கீல் இல்ல. படிச்சதைச் சொல்றேன், சந்தேகம்னா வக்கீலைக் கேளுங்க.

1959 ஆயுதச் சட்டத்துக்குக் கீழ வர்ற விதிகள்ல (இப்போ இருக்கறது 2016 விதிகள்), 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கற பிளேடு ஆயுதப் பட்டியல்ல வருது. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இதுக்காகச் செஞ்சதுக்கு விலக்கு உண்டு. நம்ம பேனாக்கத்தி இதுக்கு ரொம்பக் கீழ. "அப்போ பிரச்சினை இல்லையே"ன்னு நினைச்சா, தில்லியில 1980-ல ஒரு அறிவிக்கை போட்டாங்க. ஸ்பிரிங் கத்தி, பட்டன் கத்தி, வேற எந்த இயந்திர அமைப்பாலயும் திறந்து மூடற கத்தி, பிளேடு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அதுக்கு மேலயும் இருந்தா கட்டுப்பாடு. 7.62 சென்டிமீட்டர்னா 3 அங்குலம். ஆசைப்பட்டு வாங்கின 'சடக்' கத்தியோட தில்லிக்குப் போறவங்க இதை ஞாபகம் வச்சுக்கணும்.

லண்டன் பக்கம் இருக்கற நண்பர்களுக்கு: பிரிட்டன்ல 1988 சட்டப்படி, வெட்டற விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வெளியில எடுத்துட்டுப் போகலாம். ஆனா பூட்டு இருந்தா அது இந்த விலக்குல வராதுன்னு 1993-லயே கோர்ட் சொல்லிடுச்சு. அதாவது "பாதுகாப்புக்காக" பூட்டு வச்ச கத்தி வாங்கினா அங்க தக்க காரணம் காட்டணும். ஓபினல் 8-ம் நம்பர் பிளேடு 8.5 சென்டிமீட்டர், பூட்டும் உண்டு, ரெண்டு கணக்குலயும் மாட்டும். சாதா ஸ்விஸ் கத்தி மாட்டாது.

விமானத்துல கைப்பையில கூடவே கூடாது. செக்-இன் பெட்டியில போட்டுடுங்க. அமெரிக்காவுல 2013 மார்ச்சுல சின்னக் கத்திகளை உள்ளே அனுமதிக்கப் போறோம்னு சொன்னாங்க. விமானப் பணியாளர்கள் கிட்ட இருந்து கிளம்பின எதிர்ப்புல ஜூன்லயே பின்வாங்கிட்டாங்க. சாவிக்கொத்துல தொங்கற 58 மில்லிமீட்டர் குட்டிக் கத்தியை மறந்துபோய் கொண்டு போய், ஸ்கேனர் பக்கத்துப் பெட்டியில காணிக்கை செலுத்தறவங்க இன்னிக்கும் நிறையப் பேர். திருப்பதி உண்டியல் மாதிரி, போட்டா திரும்பாது.

6. காட்டுக்குள்ள

டிரெக்கிங் போறவங்கள்ல நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 'ஆயுதம்'ங்கற சொல்லுக்கான விளக்கத்துல துப்பாக்கி, வெடி, வில், அம்பு, வலை, பொறி இதுகளோட 'கத்தி'யும் இருக்கு. அங்க நீளக் கணக்கு, அகலக் கணக்கு எதுவும் கிடையாது. 31-வது பிரிவுப்படி சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட போக முன்கூட்டியே எழுத்துல அனுமதி வேணும். தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். அதாவது ஆப்பிள் நறுக்க நீங்க பையில போட்ட பேனாக்கத்தி, சட்டத்தோட எழுத்துப்படி பார்த்தா, வேட்டைக்காரன் கண்ணி இருக்கற அதே பட்டியல்ல உட்கார்ந்திருக்கு.

அதுக்காக வனக்காவலர் எல்லாரோட பையையும் கொட்டித் தேடறார்னு சொல்ல வரல. ஆனா முதுமலை, ஆனைமலை மாதிரி இடங்கள்ல கால் வைக்கும்போது நாம யாரோட வீட்டுக்குள்ள போறோம்கறது தெரிஞ்சிருக்கணும். வழிகாட்டி கிட்ட முதல்லயே "சாப்பாட்டுக்கு ஒரு சின்னக் கத்தி வச்சிருக்கேன், பரவாயில்லையா?"ன்னு கேட்டுடுங்க. வேண்டாம்னா வண்டியிலயே விட்டுட்டுப் போங்க. பழத்தைக் கடிச்சுச் சாப்பிட்டா ஒண்ணும் குறைஞ்சிடாது. இன்னொண்ணு, "சர்வைவல்"னு சொல்லிக்கிட்டு உயிரோட நிக்கிற மரத்துல கத்தியோட கூர் பார்க்கறது, பேரைச் செதுக்கறது... வேண்டாம் மக்கா. நீங்க லவ் பண்றது அந்த மரத்துக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

7. "ஒரு தற்காப்புக்கு..."

இந்தப் பதிவை எழுத உக்கார்ந்ததே இதுக்காகத்தான். கத்தி வாங்கற பசங்கள்ல நிறையப் பேரு, கடைசியில குரலைத் தாழ்த்தி, "நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றோம்ல, ஒரு தற்காப்புக்கும் ஆச்சு"ன்னு ஒரு வரி சேர்ப்பாங்க. விக்கிறவங்களும் அந்த வரியைத்தான் விக்கிறாங்க. கறுப்பு நிறம், மண்டையோடு படம், ராணுவப் பேரு.

தயவு செஞ்சு இதுக்காகக் கத்தி வாங்காதீங்க. மடக்குக் கத்தியை எடுத்து, திறந்து, பிடிச்சு நிக்கறதுக்குள்ள நடக்க வேண்டியது நடந்து முடிஞ்சிருக்கும். பயத்துல வேர்த்த கை பிளேடு மேல வழுக்கும், முதல் வெட்டு உங்க விரலுக்குத்தான். பர்ஸோட போக வேண்டிய விவகாரம் உயிரோட போகும். தப்பித் தவறி நீங்க 'ஜெயிச்சா' அடுத்த பத்து வருஷம் கோர்ட்டு வாசல்தான். பாக்கெட்டுல எதுக்கு வச்சிருந்தேன்னு கேட்டா, "ஆப்பிள் வெட்ட"ங்கறது ஒரு பதில். "யாராவது வந்தா குத்த"ங்கறது வேற பதில். கத்தி அதேதான், எண்ணத்துல அது ஆயுதம் ஆயிடுது. இருட்டுத் தெருவுக்கு ஓடறதுக்கு நல்ல ஷூவும் சார்ஜ் இருக்கற போனும் போதும்.

இதுல இன்னொரு உறுத்தலும் இருக்கு. கழுத்துல ஐடி கார்டு தொங்கற என் பாக்கெட்டுல இருந்து சிவப்பு ஸ்விஸ் கத்தி வெளிய வந்தா, செக்யூரிட்டி அண்ணன் சிரிச்சுக்கிட்டே "எங்க சார் வாங்கினீங்க?"ம்பார். கட்டட வேலைக்குப் போற ஒரு தம்பி பையில சாக்கு அறுக்கற கத்தி இருந்தா, "எதுக்குடா இது?"தான் முதல் கேள்வி. அவனுக்கு அது சோறு போடற கருவி. நமக்குப் பாதி பொழுதுபோக்கு. சட்டப் புத்தகத்துல அங்குலக் கணக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான். நம்மள மாதிரி பொழுதுபோக்குக்காரங்க 'சடக்' கத்தியை வாங்கி வீடியோ போட்டு, கத்தின்னாலே ரவுடி சாமான்தான்கற எண்ணத்தை வளர்த்தா, அதோட விலையை நாம கொடுக்க மாட்டோம். அந்தத் தம்பிதான் கொடுப்பான். நான் பயமுறுத்தாத கத்தியா பார்த்து வாங்குங்கன்னு சொல்றதுக்கு பாதிக் காரணம் இதுதான்.

8. சரி, எதைத்தான் வாங்கறது?

எனக்கு யாரும் கமிஷன் கொடுக்கல, கொடுத்தா வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் உத்தமனும் இல்ல :-)

ஒரே ஒரு கத்திதான்னா, விக்டோரினாக்ஸ் 91 மில்லிமீட்டர் வரிசையில ஸ்பார்ட்டன். பெரிய பிளேடு, சின்ன பிளேடு, ஓப்பனர்கள், ஊசி, திருகாணி. எடை 60 கிராம் பக்கம். கத்திரிக்கோல் வேணும்னா கிளைம்பர். நகத்துல இருந்து பிளாஸ்திரி வரைக்கும் அந்தக் குட்டிக் கத்திரிக்கோல் செய்யற வேலை பிளேடை விட அதிகம். மலைக்குப் போய் சுள்ளி அறுக்கணும்னா ரம்பம் வச்ச ஹன்ட்ஸ்மேன். இருபது கருவிக்கு மேல இருக்கற குண்டு மாடல் வேண்டவே வேண்டாம். பாக்கெட்டுல செங்கல் வச்ச மாதிரி இருக்கும், ரெண்டாவது வாரமே மேஜை டிராயருக்குப் போயிடும்.

சமையலுக்கும் பழத்துக்கும்னா ஓபினல் 8-ம் நம்பர். மரக்கைப்பிடி, மெல்லிசான பிளேடு, தக்காளி தோலுரிஞ்ச மாதிரி வெட்டும். ஸ்டெயின்லெஸ், கார்பன்னு ரெண்டு வகை. மழைக்காலத்துல மரம் ஊறி, பிளேடு திறக்க அடம் பிடிக்கும், காய்ஞ்சா சரியாயிடும்.

கார்பன் வகை வாங்கினா மாம்பழம், எலுமிச்சை பட்டதும் பிளேடு சாம்பல், கறுப்புன்னு நிறம் மாறும். "ஐயோ துரு"ன்னு அலறாதீங்க. வீட்டுல அம்மாவோட பழைய இரும்பு அருவாமனை என்ன கலர்ல இருக்குன்னு போய்ப் பாருங்க. வாழைக்காயும் புளியும் பட்டுப் பட்டு கறுத்திருக்கும். அந்தக் கறுப்புப் படலம் ஒரு பாதுகாப்பு. சிவப்பா பொடி உதிர்ந்தாத்தான் துரு. வெட்டி முடிச்சதும் துடைச்சு வச்சா சிவப்பு எட்டிப் பார்க்காது.

வாங்கும்போது போலி ஜாக்கிரதை. சிலுவை போட்ட சிவப்பு கைப்பிடியெல்லாம் ஸ்விஸ் கிடையாது. பெரிய பிளேடோட அடியில கம்பெனி பேரு பொறிச்சிருக்கணும். திறக்கும்போது, மூடும்போது உறுதியா 'க்ளிக்'னு உட்காரணும். பிளேடு பக்கவாட்டுல ஆடக்கூடாது. நடைபாதையில பத்துல ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கறது எதுன்னு உங்களுக்கே தெரியும்.

9. வச்சுக்கற விதம்

மாசம் ஒரு தடவை வெந்நீர்ல அலசி, நல்லா காய வச்சு, கீல்ல ஒரே ஒரு சொட்டு எண்ணெய். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்து அழுக்கு சேரும். சாப்பாட்டுக்குப் பயன்படுத்தற கத்தின்னா சாப்பிடத் தகுந்த மினரல் ஆயில்தான் சரி. கடற்கரைக்குப் போய் வந்தா அன்னிக்கே கழுவுங்க, உப்பு ஸ்டெயின்லெஸ்ஸையும் விடாது.

இன்னொருத்தருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்க. கத்தி, கத்திரிக்கோலை கையில நேரா கொடுத்தா சண்டை வரும், கீழ வச்சு எடுத்துக்கச் சொல்லுன்னு பாட்டிமாருங்க சொல்லுவாங்க. சண்டை வருமோ வராதோ, விரல் தப்பிக்கும். எனக்குத் தெரிஞ்சு இதை விட நல்ல பாதுகாப்பு விதி எந்த மேனுவல்லயும் கிடையாது.

அந்தக் காலத்துல இறகுப் பேனாவைச் சீவறதுக்கு வச்சிருந்ததாலதான் இங்கிலீஷ்காரன் அதுக்குப் பேனாக்கத்தின்னு பேரு வச்சான், நாமளும் அப்படியே எடுத்துக்கிட்டோம். எழுதறவன் பாக்கெட்டுல இருக்க வேண்டிய பொருள்னு பேருலயே இருக்கு. ஆக பதிவர்கள் எல்லாருக்கும் இதுல பாத்தியதை உண்டு :-)

உங்க பாக்கெட்டுல என்ன இருக்கு, போன வாரம் எதை வெட்டினீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. "உன் மொக்கையைத்தான்"னு யாராவது எழுதினா அதையும் வெளியிடுவேன்.

டிஸ்கி: வீட்டுல சின்னப் பசங்க இருந்தா கத்தியை ஒளிச்சு வைக்கறதை விட, எட்டு ஒம்பது வயசுல பக்கத்துல உக்கார வச்சு ஒரு வாழைப்பழத்தை நறுக்கச் சொல்லிக் கொடுக்கறது மேல்ங்கறது என் கட்சி. இதுக்குத் தங்கமணிகள் கிட்ட இருந்து வர்ற எதிர்ப்புக்கு கம்பெனி பொறுப்பாகாது.